பழைய நகருக்குக் கால்கள், மலைக்கும் கடலுக்கும் கார்

பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு என்று முடிவானதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழும் கேள்வி ஹோட்டலைப் பற்றியது. அடுத்து வருவது, “கார் எடுக்கலாமா?” என்பது.

சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நான்கு நாள் பயணம். வயதான பெற்றோர், சிறு பிள்ளைகள், பெட்டிகள் எல்லாம் இருப்பதால், விமான நிலையத்தில் காரை எடுத்துக் கடைசி நாள் அங்கேயே திருப்பித் தருவதாகப் பலரும் பதிவு செய்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் சொந்தக் கார் வாங்கக் கட்டுப்படியாகாத இளையர்களுக்கு வெளியூரில் சில நாள் ஓட்டிப் பார்க்கும் ஆசையும் சேர்ந்துகொள்கிறது.

அதில் தவறில்லை. ஆனால் பினாங்குத் தீவில் கார் கைகொடுக்கும் நாள்களும் உண்டு, கார் சுமையாகிப்போகும் நாள்களும் உண்டு. எது எந்த நாள் என்று முன்கூட்டியே பிரித்துவிட்டால் பணம் மிஞ்சும், மனமும் லேசாகும். வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டால் விமானச்சீட்டுக்குக் கொடுத்ததைவிட அதிகமாகக் கைவிட்டுப் போகவும் கூடும்.

மாட்டுவண்டிக்காகப் போட்ட தெருக்கள்

ஜார்ஜ் டவுன் நகரைப் பிரான்சிஸ் லைட் 1786ல் நிறுவியபோது லைட் ஸ்திரீட், பீச் ஸ்திரீட், சூலியா ஸ்திரீட், பிட் ஸ்திரீட் ஆகிய நான்கு தெருக்களுக்குள் அதன் முதல் கட்டம் அடங்கியிருந்தது. அவை மாட்டுவண்டிக்கும் கால்நடைக்கும் போடப்பட்ட தெருக்கள். அந்தத் தெரு அமைப்பு பெருமளவு இன்றும் அப்படியே இருக்கிறது. மலாக்காவுடன் சேர்த்து 2008ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தகுதி கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மரபுடைமைப் பகுதியின் மையம் சுமார் 109 ஹெக்டர்தான். அதாவது, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் நடை. அன்றைய பிட் ஸ்திரீட் இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். அந்த ஒரே தெருவை ஒட்டித் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் குவான் யின் கோயிலும் 1818ல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் இருக்கின்றன. பக்கத்துத் தெருவான லெபோ குவீனில் 1833ல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயில். நான்கையும் கால் மணி நேர நடையில் கடந்துவிடலாம்.

இதே தூரத்தைக் காரில் போய்ப் பாருங்கள். பல தெருக்கள் ஒருவழிப்பாதை. தவறான திருப்பத்தை எடுத்துவிட்டால் ஒரு வட்டம் சுற்றி வர வேண்டும். நிறுத்துமிடம் கிடைக்க இன்னொரு வட்டம். ஓரத்தில் மோட்டார்சைக்கிள்களும் ரிக்‌ஷாக்களும், நடுவில் படம் பிடித்துக்கொண்டிருக்கும் சுற்றுப்பயணிகளும். லெபோ ஆர்மீனியனில் 2012ல் வரையப்பட்ட சைக்கிள் சிறார் சுவரோவியத்தின் முன்னால் கூட்டம் எப்போதும் இருக்கும். கடலில் மரக்கால்கள்மேல் நிற்கும் சீனக் குலத்தவரின் படகுத்துறைக் குடியிருப்புகளுக்குள் கார் நுழையவே முடியாது.

நடந்தால்தான் கண்ணில் படும் சங்கதிகளும் உண்டு. லெபோ பந்தாய், அதாவது பீச் ஸ்திரீட், பெயரில் கடற்கரையை வைத்திருக்கிறது. ஆனால் அங்கே நின்றால் கடல் தெரியாது. ஒரு காலத்தில் கரை அதுவரை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ பகுதியை உருவாக்கினார்கள். பிள்ளைகளை அந்தத் தெருவிலிருந்து இன்றைய கரைக்கு நடக்கவிட்டுப் பாருங்கள். நிலம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது கால்களுக்கே விளங்கும்.

எத்தனை நாளுக்குக் கார்?

நான்கு நாள் பயணத்தில் முதல் இரண்டு நாளைப் பழைய நகருக்கு ஒதுக்குங்கள். அந்த இரண்டு நாளும் கார் வேண்டாம். பாயான் லெப்பாஸ் விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கிராப் வாகனமோ விமான நிலைய டாக்சியோ பெட்டிகளோடு ஹோட்டல் வாசலில் இறக்கிவிடும். நகருக்குள் நடை, வெயில் ஏறினால் கிராப், ஆசைக்கு ஒரு ரிக்‌ஷா சவாரி போதும்.

மூன்றாம் நாள் காலையில் காரை எடுத்து, நான்காம் நாள் விமான நிலையத்தில் திருப்பிக் கொடுங்கள். எடுக்கும் இடமும் திருப்பித் தரும் இடமும் வேறுபட்டால் சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் கேட்கும். பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கட்டணத்தைச் சேர்த்தாலும், ஹோட்டல் வாசலில் சும்மா நிற்கும் காருக்கு இரண்டு நாள் வாடகை கொடுப்பதைவிடக் குறைவாக இருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம்.

ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதை மனதில் வையுங்கள். பழைய கடைவீடுகளைப் புதுப்பித்த அழகிய ஹோட்டல்கள் பலவற்றில் வாகன நிறுத்துமிடம் இல்லை. சிலவற்றில் மின்தூக்கியும் இல்லை. செங்குத்தான மரப்படிகள்தான். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் உடன் வந்தால், கீழ்த்தள அறை கிடைக்குமா என்று கேட்ட பிறகு பணம் கட்டுங்கள்.

கார் இருந்தால் மட்டுமே வசதிப்படும் இடங்கள்

தீவின் உண்மையான பரப்பு மூன்றாம் நாளில்தான் தொடங்குகிறது. வடக்குக் கரையில் பத்து ஃபெரிங்கி. அதைத் தாண்டினால் தெலுக் பாஹாங்கில் தேசியப் பூங்கா, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. அங்கிருந்து மலைப்பாதையில் தெற்கே இறங்கினால் பாலிக் புலாவ். ஜாதிக்காய், டுரியான் தோட்டங்கள், வயல்வெளி என்று ஜார்ஜ் டவுனோடு எந்த ஒட்டும் இல்லாத இன்னொரு பினாங்கு அது. பேருந்து உண்டு. ஆனால் சிறு பிள்ளைகளோடு நினைத்த இடத்தில் நிறுத்திப் பார்க்கக் கார்தான் ஏற்றது.

நகருக்கு மேற்கே ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி கோயில். அருகிலேயே 1923ல் ஓடத் தொடங்கிய பினாங்குக் கொடிமலை ரயிலின் அடிவார நிலையம். மலை உச்சிக்குக் காரில் போக முடியாது, ரயில்தான். விடுமுறை நாள்களில் அடிவாரத்து நிறுத்துமிடம் சீக்கிரமே நிரம்பிவிடும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

தமிழ்க் குடும்பங்கள் தவறவிடாத இடம் தண்ணீர்மலை. பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். வெயிலுக்கு முன் ஏறுங்கள். ஏற முடியாத பெரியவர்கள் கீழே உள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலில் தரிசனம் செய்துவிட்டு, பக்கத்தில் உள்ள தாவரவியல் பூங்காவின் நிழலில் இளைப்பாறலாம். தைப்பூசத்தை ஒட்டிப் பயணம் என்றால் கணக்கே வேறு. ரத ஊர்வலத்துக்காகச் சாலைகள் மூடப்படும், அந்த நாள்களில் கார் எடுப்பதில் பொருளில்லை.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் பாலத்தைக் கடந்து கெடா மாநிலத்தின் மெர்போக்குக்குப் போய் வாருங்கள். ஜெராய் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அரும்பொருளகம் இருக்கிறது. அகழ்ந்தெடுத்த பழங்கால இந்து, பௌத்தக் கோயில்களின் அடித்தளங்களை அங்கே பார்க்கலாம். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் படையெடுத்த கடாரம் இந்தக் கெடாப் பகுதிதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பாடநூலில் ஒரு வரியாகப் படித்ததைப் பிள்ளைகள் கருங்கல்லாகத் தொட்டுப் பார்க்கும் இடம். வாடகைக் காருக்குக் கொடுக்கும் காசு முழுதாகப் பலன் தருவது இப்படியொரு நாளில்தான்.

பழைய நினைவில், காரோடு ஃபெரியில் கடலைக் கடக்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். 2023 முதல் ஓடும் புதிய ஃபெரிகள் பயணிகளையும் இருசக்கர வாகனங்களையும் மட்டுமே ஏற்றுகின்றன. கார்களுக்குப் பாலங்கள்தான். 1985ல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் முதல் பாலம், 2014ல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம். இரண்டிலும் தீவுக்குள் வரும்போது மட்டுமே கட்டணம்.

யார் ஓட்டப்போகிறார்?

எந்தக் கார் என்று பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. நம்மில் பலர் உரிமம் வாங்கி ஆறேழு ஆண்டாகியும் ஸ்டீயரிங்கைத் தொடாதவர்கள். அறிமுகமில்லாத ஊர், பின்னிருக்கையில் அம்மா, அப்பா, அக்கா பிள்ளைகள் என்ற சூழலில் பழக்கத்தைப் புதுப்பிப்பது சரியல்ல. புறப்படுவதற்கு முன் சிங்கப்பூரிலேயே ஒன்றிரண்டு வார இறுதிகளில் மணிக்கணக்கு வாடகைக் காரை எடுத்து ஓட்டிப் பழகுங்கள். அதற்கு நேரமில்லை என்றால், ஓட்டுநருடன் வேன் அமர்த்திக்கொள்வது கௌரவக் குறைச்சல் அல்ல. ஆறேழு பேருக்குப் பங்கிட்டால் செலவும் பெரிதாகத் தெரியாது.

சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் மலேசியாவில் செல்லும். செயலியில் உள்ள மின்னிலக்க வடிவத்தை நம்பியிராமல் அட்டையையும் கடப்பிதழையும் எடுத்துச் செல்லுங்கள். பல நிறுவனங்கள் குறைந்தபட்ச வயதும், உரிமம் பெற்று ஓரிரு ஆண்டுகளாவது ஆகியிருப்பதும் கட்டாயம் என்கின்றன. ஒருவருக்குமேல் ஓட்டுவதாக இருந்தால் அனைவரின் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெயர் இல்லாத மச்சான் ஐந்து நிமிடம் ஓட்டியபோது இடித்தாலும் காப்புறுதி கைவிரித்துவிடும்.

3ஏ உரிமம் வைத்திருப்பவர்கள் ஆட்டோ கியர் கார்தான் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். நான்கு பேருக்கு மைவி போன்ற சிறிய கார் குறுகிய தெருக்களுக்கு வசதி. ஆறு பேருக்கு அல்சா போன்ற ஏழு இருக்கைக் கார் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். மூன்றாம் வரிசையில் ஆள் உட்கார்ந்தால் பெட்டிகளுக்கு அதிகம் இடமிருக்காது. “ஏழு பேர்” என்பது பெட்டி இல்லாத ஏழு பேர்.

பிள்ளைகளுக்கான பாதுகாப்பு இருக்கை மலேசியாவில் 2020 முதல் கட்டாயம். வாடகை நிறுவனத்திடம் முன்பதிவு செய்யலாம். பழகிய இருக்கையை வீட்டிலிருந்தே கொண்டுபோவதும் நல்ல யோசனை.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

முதல் கேள்வி: விபத்து நடந்தால் என் பங்கு எவ்வளவு? காப்புறுதி இருக்கிறது என்பதால் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று பொருளல்ல. ‘எக்செஸ்’ என்ற பெயரில் ஒரு தொகை வரை வாடகைக்கு எடுத்தவர்தான் கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, எக்செஸ் 2,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பழுதுபார்க்க 1,500 ரிங்கிட் ஆனால் முழுவதும் உங்கள் பணம். 6,000 ரிங்கிட் ஆனால் முதல் 2,000 உங்களுடையது. நாளுக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கட்டினால் இந்தத் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு முன், சிங்கப்பூரில் நீங்கள் வாங்கிய பயணக் காப்புறுதியைப் புரட்டிப் பாருங்கள். வாடகைக் காரின் எக்செஸைத் திருப்பித் தரும் பிரிவு அவற்றில் பலவற்றில் இருக்கிறது. ஒரே பாதுகாப்புக்கு இருமுறை பணம் கட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது: எவை காப்புறுதியில் சேராது? டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி, தொலைந்த சாவி ஆகியவை பெரும்பாலும் விதிவிலக்கு.

மூன்றாவது: முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும்? கடன்பற்று அட்டையில் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். அட்டை ஓட்டுபவர் பெயரில் இருக்க வேண்டும் என்று கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

நான்காவது: அபராதம் வந்தால்? வேகம், வாகன நிறுத்தம் தொடர்பான அபராதம் கார் உரிமையாளர் பெயருக்குத்தான் போகும். பிறகு அது நிர்வாகக் கட்டணத்தோடு உங்கள் அட்டைக்கு வந்து சேரும்.

ஐந்தாவது: இந்தக் காரை வாடகைக்கு விடக் காப்புறுதி இருக்கிறதா? சமூக ஊடகத்தில் மலிவாகக் கிடைக்கும் சில கார்கள் தனிநபர்களுடையவை. அவற்றின் காப்புறுதி சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்றால், விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். நாளுக்கு முப்பது, நாற்பது ரிங்கிட் மிச்சம் பிடிக்க நினைத்து, ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் அதன் முழுச் சுமையையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

சாவி கைக்கு வந்ததும்

பத்து நிமிடம் ஒதுக்குங்கள். காரைச் சுற்றி ஒரு காணொளி எடுங்கள். சக்கரங்களின் விளிம்பு, முன்பக்க பம்பரின் கீழ்ப்பகுதி, கண்ணாடி, கூரை ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். பெட்ரோல் அளவும் ஓடிய கிலோமீட்டரும் தெரியும்படி ஒரு படம். மாற்று டயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏற்கெனவே உள்ள கீறல்களை ஒப்பந்தத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். பின்னால் சச்சரவு வந்தால் பேசப்போவது அந்தத் தாளும் காணொளியும்தான். திருப்பித் தரும்போதும் இதையே செய்யுங்கள்.

பாலத்தைக் கடக்க ‘டச் அண்ட் கோ’ அட்டை கைகொடுக்கும். காரிலேயே இருக்கிறதா, பணம் நிரப்பியிருக்கிறதா என்று கேளுங்கள். சாலையோர நிறுத்தக் கட்டணத்துக்கு ‘பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங்’ செயலி உண்டு. ஹோட்டல் வைஃபையில் இருக்கும்போதே பதிவிறக்கிக்கொள்ளலாம்.

பெட்ரோலை நிரப்பி வாங்கி, நிரப்பித் தரும் ஏற்பாடுதான் நமக்கு நல்லது. 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து மானிய விலை ரோன்95 பெட்ரோல் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். வாடகைக் காருக்கு மலேசியப் பதிவு எண் இருந்தாலும் ஓட்டும் சிங்கப்பூரர் மானியமற்ற விலையைத்தான் கொடுக்க வேண்டும். பழைய விலையை வைத்துச் செலவுக் கணக்குப் போட வேண்டாம்.

இன்னொரு சிறு விஷயம், ஆனால் ஜூன் மாதத்தில் பெரிய விஷயம். பாலிக் புலாவ் டுரியானைத் தோட்டத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள். வாடகைக் காரில் ஏற்றினால் வாசனை போகும்வரை துப்புரவுக் கட்டணம் கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

சாலையில்

சிங்கப்பூரைப் போலவே இடப்பக்கம் ஓட்டுவதால் பாதிப் பயம் போய்விடும். மீதிக் கவனம் மோட்டார்சைக்கிள்களுக்கு. இரு பக்கமும் புகுந்து வரும். இடப்பக்கம் திரும்புமுன் பக்கக் கண்ணாடியை இரண்டுமுறை பாருங்கள். பத்து ஃபெரிங்கிக்குப் போகும் கரையோரச் சாலை குறுகலானது, வளைவுகள் நிறைந்தது. மாலையில் நெரிசலும் சேரும். பாலிக் புலாவ் மலைப்பாதையை இருட்டும் முன் முடித்துக்கொள்ளுங்கள். பெருமழை பிடித்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஒரு தே தாரிக் குடிப்பதால் எந்தத் திட்டமும் கெட்டுவிடாது.

விபத்து நேர்ந்தால், முதலில் ஆள்களைப் பாருங்கள். காயம் இருந்தால் 999. இரு கார்களின் எண்ணும் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு வாடகை நிறுவனத்தை அழையுங்கள். மலேசியச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் போலிசில் புகார் செய்ய வேண்டும். அந்த அறிக்கை இல்லாமல் காப்புறுதிக் கோரிக்கை நகராது. “இங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்” என்று எதிர்த்தரப்பு சொன்னாலும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். கார் உங்களுடையதல்ல.

ஓட்டுபவருக்கும் விடுமுறை

குடும்பப் பயணங்களில் எல்லாரும் மறக்கும் ஒருவர், ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர். மற்றவர்கள் கடலைப் பார்க்கும்போது அவர் முன்னால் போகும் லாரியைப் பார்க்கிறார். மற்றவர்கள் நாசி கண்டாரை முடித்துவிட்டுக் கண்ணயரும்போது அவர் தூக்கத்தை அடக்கிக்கொண்டு ஓட்டுகிறார். ஒரு நாளில் நான்கு இடம் என்று அடுக்காமல் இரண்டு இடத்தோடு நிறுத்திக்கொண்டால் அவரும் எதையாவது பார்ப்பார்.

கார் இல்லாத இரண்டு நாளின் பெரிய லாபமும் இதுதான். அந்த இரண்டு நாளும் யாரும் யாருக்கும் ஓட்டுநர் இல்லை. தாத்தாவின் வேகத்தில் எல்லாரும் நடக்கலாம். ஐந்தடி நடைபாதையில் பூ கட்டுபவரிடம் நின்று பேசலாம். மூன்றாம் நாள் காலை சாவியை வாங்கும்போது, தூங்கி எழுந்த தெளிவோடு மலைப்பாதைக்குக் கிளம்பலாம்.